தலை குனிந்த தங்க வீரர்

பள்ளி ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு கிடைத்தாலே துள்ளிக் குதிப்பீர்கள் அல்லவா, குழந்தைகளே? ஒலிம்பிக்கில் தங்கம் வென்றும் ஒருவர் மேடையில் தலை குனிந்து நின்றார். அவர்தான் சோன் கீ-சுங்.

1912-ல் கொரியாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. அதனால் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜப்பான் அணியில்தான் அவரால் ஓட முடிந்தது. பெயரைக்கூட ஜப்பானிய முறைப்படி மாற்றி எழுதினார்கள்.

மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டருக்கும் மேல்! அதை 2 மணி 29 நிமிடம் 19 விநாடியில் ஓடி முடித்து, புதிய ஒலிம்பிக் சாதனை படைத்தார் சோன். மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங்கும் கொரியர்தான். ஆனால் இருவருக்காகவும் ஏறியது ஜப்பான் கொடி. பரிசாகத் தந்த மரக்கன்றை மார்போடு அணைத்து, சட்டையில் இருந்த அந்தக் கொடியை மறைத்துக்கொண்டார் சோன். பாவம், நாமுக்கு மறைக்கக் கன்றும் இல்லை!

கையெழுத்துக் கேட்டவர்களுக்குக் கொரிய எழுத்திலேயே போட்டுக் கொடுத்தார். அவர் ஊர்ப் பத்திரிகை ஒன்று, படத்தில் கொடியை அழித்து வெளியிட்டது. அதற்காகப் பத்திரிகையாளர்கள் சிறைக்குப் போனார்கள். பத்திரிகையும் பல மாதம் முடக்கப்பட்டது.

1945-ல் ஜப்பான் ஆட்சி முடிந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில், எழுபது வயதைத் தாண்டிய சோன், தீபத்தை ஏந்தி மைதானத்துக்குள் துள்ளலாக ஓடி வந்தார். 2002-ல் மறைந்தார். அவர் வென்ற தங்கம் மட்டும் ஒலிம்பிக் பதிவேட்டில் இன்றும் ஜப்பான் கணக்கில்தான் இருக்கிறது.