சோறு உண்ட துறவியும் கோதுமை அப்பமும்



புதுநன்மை வகுப்பில் ஒரு சிறுவன் நம்மிடம் கேட்டான்: நாம் தினமும் சோறுதானே சாப்பிடுகிறோம், இயேசு ஏன் கோதுமை அப்பத்தில் மட்டும் வருகிறார்? நெல்லும் கேழ்வரகும் விளையும் புதுக்கோட்டைச் சீமையில் இது நியாயமான கேள்வி. பதில் தேடியபோது நம் நினைவுக்கு வந்தவர், தத்துவப் போதகர் என்று தமிழர் அழைத்த இயேசு சபைக் குரு இராபர்ட் தே நொபிலி.

1577-இல் உரோமையில் உயர்குடியில் பிறந்தவர். கர்தினால் புனித இராபர்ட் பெல்லார்மின் இவருக்கு உறவினர். 1605-இல் கோவாவுக்கும், மறு ஆண்டு மதுரைக்கும் வந்தார். அங்கே ஏற்கெனவே பணியாற்றிய மூத்த குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் பரவர்குலக் கிறிஸ்தவர்களுக்கு நல்ல மேய்ப்பராயிருந்தும், மதுரை மக்கள் கிறிஸ்தவத்தைப் பரங்கியர் மார்க்கமென்றே ஒதுக்கினர். நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். இறைச்சியையும் உணவோடு அருந்தும் மதுவையும் விட்டார். ஒருவேளைச் சோறும் காய்கறியுமாக வாழ்ந்தார். தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். திருப்பலியைக் குறித்த போர்த்துக்கீசியச் சொல் நம்மவர் காதில் 'மீசை' என்று விழுந்ததாம்! அவரோ அதைப் பூசை என்றார். நம் பாட்டிமார் வாயில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

இவ்வளவையும் மாற்றியவர், பலிபீடத்து அப்பத்தையும் இரசத்தையும் மட்டும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் எவ்வளவு வசதி! திராட்சை இரசம் மதுரைச் சந்தையில் கிடைப்பதன்று. கோதுமையும் நெல்லைப்போல் வாசலில் விளைவதன்று. மதுவை வெறுக்கும் மக்கள் நடுவே இரசம் வேண்டும் என்பது ஓர் இடறலாகவும் இருந்திருக்கும்.

அவர் ஏன் தொடவில்லை? கோதுமை அப்பமே நற்கருணைக்குரிய பொருள் என்று 1439-இல் ப்ளோரன்ஸ் பொதுச்சங்கம் உறுதி செய்திருந்தது. திருவருட்சாதனங்களை வழங்கும் முறைகளை ஒழுங்குபடுத்தத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு, அவற்றின் உட்பொருளை மாற்ற அதிகாரமில்லை என்று 1562-இல் திரிதெந்தீன் சங்கம் கற்பித்திருந்தது. நொபிலி குருத்துவப் படிப்பில் பயின்ற இறையியல் இதுவே. உடை நம்முடையது, உணவும் நம்முடையது. ஆனால் இறுதி இராவுணவில் ஆண்டவர் கையில் எடுத்தது அவருடையது. அதைப் பெற்றுக்கொள்ளத்தான் முடியும். குருமடத்தில் படித்த காலத்தில் நமக்கும் இது பிடிவாதமாகத் தோன்றியதுண்டு. இன்று அப்படித் தோன்றவில்லை.

அவர்மேல் வந்த குற்றச்சாட்டு வேறு: குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றால் சிலைவழிபாட்டைக் கலக்கிறார் என்பது. பெல்லார்மினே முதலில் கலங்கினார். விளக்கம் கிடைத்தபின் ஆதரித்தார். கிராங்கனூர் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் துணைநின்றார். கோவா பேராயர் எதிர்த்தார். 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15-ஆம் கிரகோரி, மூடநம்பிக்கையை நீக்கி அவ்வழக்கங்களைக் கைக்கொள்ள அனுமதித்தார்.

ஒன்றை மறைக்கலாகாது. சாதி வேறுபாட்டையும் நாட்டு வழக்கமென்று நொபிலி ஏற்றுக்கொண்டார். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் ஒரே உடல் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை நினைக்கும்போது, அது இன்றும் நம்மை உறுத்துகிறது. அப்பத்தின் பொருளைக் காத்த திருச்சபை, அப்பம் உண்டவர்களின் ஒற்றுமையைக் காக்க அத்தனை கவலைப்பட்டதா? நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தால் பதில் சுலபமன்று.

சிறுவனின் கேள்விக்குப் பின்னால் வேறொரு கவலையும் இருந்தது. அவன் தங்கைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அரிசி மாவில் அப்பம் சுட்டுத் தரலாமா என்றார் தாய். இயலாது. திருச்சபைச் சட்டம் 924 தூய கோதுமையையே கேட்கிறது; அரிசியில் செய்தால் நற்கருணை நிகழ்வதே இல்லை. கோதுமையின் பசைப்புரதமான குளூட்டன் அறவே நீக்கப்பட்ட அப்பமும் செல்லாது. குறைவாக உள்ள அப்பம் செல்லும் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-இல் அறிவித்தது, 2017-இல் வழிபாட்டுப் பேராயம் அதை நினைவூட்டியது. அதுவும் உடலுக்கு ஆகாதவர்கள் திரு இரத்தத்தை மட்டும் பெறலாம்; ஆண்டவர் அதிலும் முழுமையாக இருக்கிறார். அப்பம் தொடாத தனிக் கிண்ணம் வேண்டும், அவ்வளவே. தாயின் முகம் தெளிந்தது.

நொபிலி முதுமையில் பார்வை குன்றி, யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டு, அங்கே 1656 ஜனவரி 16 அன்று இறந்தார். நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப்பின், 1697-இல், அதே மதுரை மிஷனின் குரு வெனான்சியுஸ் புஷே நம் மாவட்டத்து ஆவூரில் கோவில் எழுப்பினார். அங்கும் காவி உடுத்த குரு சோறு உண்டார். பலிபீடத்தில் கோதுமை அப்பத்தை வைத்தார்.