தட்டெழுத்து கண்ட முத்தையா

தமிழ்த் தட்டெழுத்தின் தந்தையெனப் போற்றப்படுபவர் இராமலிங்கம் முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த இவர், 1907-இல் மலாயா சென்று, பின்னர்ச் சிங்கப்பூரில் நெடுங்காலம் பணிபுரிந்து, 1930-இல் ஈழம் திரும்பினார். அலுவலகங்களில் ஆங்கிலப் பொறிகள் முழங்கக் கேட்டவர்க்குத் தமிழில் அஃதின்மை பெருங்குறையாயிற்று.

இடர் யாது? நம் எழுத்துக்கள் 247. பொறியின் விசைகளோ 50-க்கும் குறைவு. முத்தையா கைக்கொண்ட வழி நகரா விசை. புள்ளியையோ விசிறியையோ அடிக்குங்கால் உருளை நகராது நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியோடு ஒன்றாய்ப் பொருந்தும். எனவே ககர மெய்க்குப் புள்ளி முன், ககரம் பின். இலக்கணம் பயில்வார்க்கு இது தலைகீழ் முறையே. இரும்புக்கோ இதுவே எளிது.

கணினி தோன்றிய பின் உருளையும் இல்லை, அது நகர வேண்டுவதும் இல்லை. எனினும் பழகிய விரல்கள் விடவில்லை. பழைய விசையமைப்பு கணினியிலும் குடிபுகுந்தது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில், மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன்மேற் புள்ளி தானே விழும். எருமப்பட்டியில் நாம் அறிந்த மூத்த தட்டெழுத்தாளர் சிலர் அதனைத் தொடவும் இசையார்.

அவர்தம் பிடிவாதங்கண்டு நாமும் நகைத்ததுண்டு. ஒருநாள் நாமக்கல்லில் பழம்பொறி ஒன்றன்முன் அமர்ந்தோம். வெற்றிடத்தே புள்ளி விழுந்தது. பின் ககரம் அதன்கீழ் வந்து இம்மியும் பிறழாது அமைந்தது. மீண்டும் ஒருமுறை அடித்துப் பார்த்தோம்.