திருமலையில் பூந்தோட்டம் கண்ட அனந்தாழ்வான்

எம்பெருமானுக்குச் செய்யும் கைங்கர்யங்கள் பல. திருவலகிடுதல், திருவிளக்கேற்றுதல், தீர்த்தம் கொணர்தல், அமுது சமைத்தல் என அவை விரியும். இவற்றுள் புஷ்ப கைங்கர்யம் ஒரு வகையில் மிக அரியது. விளக்கிற்கு வேண்டிய நெய்யைச் சேர்த்து வைக்கலாம். அமுதுபடிக்கு வேண்டிய அரிசியைக் களஞ்சியத்தில் நிரப்பி வைக்கலாம். பூவை அவ்வாறு வைத்துக்கொள்ள ஒண்ணாது. இன்று சாற்றிய மாலை நாளை நிர்மால்யம் ஆகிவிடும். ஆகவே மழையாயினும் கோடையாயினும் நாள்தோறும் புதுப்பூ மலர்ந்தாக வேண்டும். அதற்குச் செடி வேண்டும். செடிக்கு நீர் வேண்டும். நீருக்கு மண்வெட்டி பிடிக்கும் கை வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்து இக்கைங்கர்யத்தை நடத்திக் காட்டினர். அவர்கள் வழியில், திருவேங்கட மலையின் உச்சியில் பூந்தோட்டம் கண்டவர் அனந்தாழ்வான்.

இம்மகான் 11-ஆம் நூற்றாண்டில், இன்றைய கர்நாடகப் பகுதியில் உள்ள சிறுபுத்தூரில் அவதரித்தார். உடையவரின் பெருமையைக் கேள்வியுற்றுத் திருவரங்கம் வந்து, அவர் திருவடிகளில் ஆச்ரயிக்க விழைந்தார். உடையவரோ அவரை அருளாளப் பெருமாள் எம்பெருமானாரிடம் ஆச்ரயிக்குமாறு நியமித்தார். அனந்தாழ்வான் அந்த நியமனத்தைச் சிரமேற்கொண்டார். ஆசார்யன் காட்டிய வழியே தம் வழி என்னும் உறுதி அன்றே அவரிடம் வேரூன்றியிருந்தது.

1017-இல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமாநுசர், திருவரங்கத்தில் ஒரு நாள் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்துகொண்டிருந்தார். மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி அது. நம்மாழ்வார் திருவேங்கடமுடையானுக்கு வழுவிலா அடிமை செய்யப் பாரித்த பதிகம். திருவேங்கடத்தைப் புஷ்ப மண்டபம் என்று பெரியோர் போற்றுவர். அம்மலையில் நாள்தோறும் பூமாலை கட்டிச் சாற்றுவார் இல்லையே என்று எண்ணிய மாத்திரத்தில் உடையவரின் கண்கள் நீர் பெருக்கின. அங்குச் சென்று நந்தவனம் அமைத்துக் கைங்கர்யம் செய்ய வல்லார் உளரோ என்று சபையை நோக்கி வினவினார்.

சபையில் அமைதி நிலவியது. அக்காலத் திருமலை அடர்ந்த காடு; கடுங்குளிர்; கொடிய விலங்குகள் உலவும் இடம். அதனினும் பெரிய துன்பம், ஆசார்யனைப் பிரிந்திருத்தல். ஒருவர் மட்டுமே எழுந்து நின்று விடை வேண்டினார். உடையவர் பெருமகிழ்ச்சியுற்று அவரை ஆண்பிள்ளை என்று கொண்டாடினார். அன்று முதல் அவருக்கு அனந்தாண்பிள்ளை என்னும் திருநாமமும் வழங்கலாயிற்று.

திருமலை அடைந்த அனந்தாழ்வான், திருக்கோயிலின் பின்புறத்தில் நிலத்தைத் திருத்தினார். கல்லைப் பெயர்த்து, முள்ளைக் களைந்து, பாத்தி கட்டிச் செடிகளை நட்டார். நந்தவனத்திற்கு இராமாநுசன் என்றே பெயரிட்டார். ஆயினும் மலையில் பெய்யும் மழை பாறைகளின் மீது வழிந்தோடிவிடும்; கோடையில் செடிகள் வாடும். கோடையைக் கடக்காத தோட்டம் கைங்கர்யத்திற்கு உதவாது என்று உணர்ந்து, ஓர் ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் கடப்பாரையால் மண்ணைத் தோண்ட, கருவுற்றிருந்த அவருடைய தேவிகள் கூடையில் சுமந்து சென்று கொட்டினார்.

இதனைக் கண்டு மனமிரங்கிய ஒரு சிறுவன் வந்து, தானும் மண் சுமப்பதாகக் கேட்டான் என்று குருபரம்பரைச் செய்திகள் கூறும். ஆசார்யன் இட்ட பணியில் பிறர்க்குப் பங்களிக்க அனந்தாழ்வானுக்கு மனம் இசையவில்லை, அவனை விலக்கினார். சிறுவனோ அவர் அறியாமல் அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமக்கலானான். மனைவி விரைந்து விரைந்து திரும்புவதைக் கண்டு ஐயுற்ற அனந்தாழ்வான், உண்மை அறிந்ததும் சினந்து கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடி மறைந்தான். திருக்கோயிலில் திருவேங்கடமுடையானின் திருமோவாயில் குருதி வழிவதை அர்ச்சகர்கள் கண்டனர். செய்தி அறிந்து ஓடி வந்த அனந்தாழ்வான் கதறி விழுந்தார். காயத்தில் பச்சைக் கற்பூரம் வைக்கப்பட்டது. இன்றும் எம்பெருமானின் திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றப்படுகிறது. அக்கடப்பாரை மகாத்துவாரத்தின் உட்புறம் சுவரில் காணப்படுகிறது.

கைங்கர்யம் தமக்கே உரியது என்ற பற்று எத்துணைத் தூயதாயினும், பங்கு கேட்டு வருபவனை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்பதை அந்தக் கற்பூரம் நாள்தோறும் நினைவூட்டுகிறது. வந்தவன் எவன் என்பதை யார் அறிவார்?

ஏரி நிரம்பியது; தோட்டம் தழைத்தது. மற்றொரு நாள் அவர் மாலை கட்டிக்கொண்டிருக்கும்போது, திருவேங்கடமுடையான் தம்மிடம் வருமாறு அழைத்தருளினான். அனந்தாழ்வான் எழவில்லை. தொடுத்துக்கொண்டிருந்த மாலையை முடித்த பின்னரே எடுத்துச் சென்றார். தாமதத்தின் காரணத்தை எம்பெருமான் வினவ, மொட்டு விரிவதற்கு முன் தொடுக்க வேண்டியிருந்தது என்றும், ஆசார்யன் தம்மை அனுப்பியது இப்பணிக்கே என்றும் விண்ணப்பம் செய்தார். பூத்தொடுப்போர் இதன் பொருளை நன்கு அறிவர். நாரில் ஏறாத மொட்டு எவருக்காகவும் காத்திராது.

பூக்கொய்யும்போது ஒரு நாள் அவரைப் பாம்பு தீண்டிற்று. விஷம் இறக்கிக்கொள்ள முயலாது, அவர் பூக்குடலையோடு சந்நிதிக்குச் சென்றார். தீண்டிய பாம்பு வலியதாயின் விரஜையில் நீராடிப் பரமபதத்தில் கைங்கர்யம் செய்யலாம். தீண்டப்பட்ட உடல் வலியதாயின் திருக்கோனேரியில் நீராடித் திருவேங்கடவனுக்குக் கைங்கர்யம் செய்யலாம் என்பதே அவர் துணிவு. இரண்டிடத்தும் பணி ஒன்றே என்று அறிந்தவருக்கு அச்சம் ஏது?

எம்பெருமானும் பிராட்டியும் அத்தோட்டத்தின் அழகில் ஈடுபட்டு, மானிட உருவில் இரவில் எழுந்தருளி விளையாடினர் என்றும் ஒரு வரலாறு உண்டு. காலையில் பூக்கள் சிதறிக் கிடப்பதைக் கண்ட அனந்தாழ்வான் விழித்திருந்து காத்தார். எம்பெருமான் இடமாகச் சுற்றி ஓடித் தப்பினான். பிராட்டி அகப்பட்டுக்கொள்ள, அவரை ஒரு மரத்தில் கட்டி வைத்தார். விடிந்ததும் உண்மை வெளிப்பட, பிராட்டியைப் பூக்குடலையில் எழுந்தருளச் செய்து, மகளைக் கொடுக்கும் தந்தையைப்போல் பெருமாளிடம் சேர்த்தார். பிரமோத்ஸவம் முடிந்த மறுநாள் மலையப்ப சுவாமி இடமாக வலம் வந்து அத்தோட்டத்திற்கு எழுந்தருளும் பாக் சவாரி உத்ஸவம் இதன் நினைவாகவே நடைபெறுகிறது.

பின்னர் உடையவர் திருமலைக்கு எழுந்தருளியபோது, தம் திருநாமம் தாங்கிய நந்தவனத்தைக் கண்டு உளம் குளிர்ந்தார். அன்று திருவரங்கத்தில் சிந்திய கண்ணீருக்கு அந்தச் செடிகளே மறுமொழியாக நின்றன. தம் சீடனை வளர்த்த பயனைப் பெற்றதாக அவர் உகந்தருளினார்.

வடமொழியில் வேங்கடாசல இதிகாசமாலை என்னும் நூல் அனந்தாழ்வான் அருளியதாகப் போற்றப்படுகிறது. அவர் திருநாடு அலங்கரித்தது ஆடிப் பூரத்தன்று என்பர். பூமாலை சூடிக்கொடுத்த ஆண்டாளின் திருநட்சத்திரமும் அதுவே. அவர் நினைவாகப் போற்றப்படும் மகிழ மரம் அத்தோட்டத்தில் உள்ளது. ஆண்டுதோறும் அந்நாளில் மலையப்ப சுவாமி உபயநாச்சிமாரோடு அங்கு எழுந்தருள, பெருமாளின் மாலையும் சடாரியும் அம்மரத்திற்குச் சாதிக்கப்படுகின்றன. மாலை கொடுத்தவருக்கு மாலை திரும்பி வருகிறது.

இவ்வரலாறு பெயரிலேயே ஏரியைத் தாங்கிய பொத்தேரிக்கும், சூழவுள்ள ஊர்களுக்கும் நெருக்கமானது. உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்பூதூர் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இங்குள்ள வீடுகளில் மலையளவு நிலம் இராது. நான்கடி மண்ணோ, மாடியில் நான்கு தொட்டிகளோ இருக்கக்கூடும். கைங்கர்யத்திற்கு அவை போதும். கார்த்திகை, மார்கழியில் மல்லிகைக் கொடியைக் கவாத்துச் செய்து எருவிட்டால், பங்குனி முதல் ஆனி வரை கோடை முழுவதும் அது பூத்துக் குலுங்கும். அதனோடு ஒரு துளசி, ஒரு மருக்கொழுந்து, ஓர் அலரி இருப்பின் வீட்டுப் பெருமாளுக்கு நித்தியம் ஒரு சிறு மாலை அமையும். அரிசி களைந்த நீரும் அச்செடிகளுக்கு ஆகாரமாகும். விடியற்காலையில் நீராடிக் கொய்த மொட்டுகளை ஈரமான வாழைநாரில் தொடுத்தால் அவை பொழுது சாயும் வரை வாடா.

கடையில் வாங்கிய மாலையையும் எம்பெருமான் உகந்து ஏற்பான். ஆயினும் கோடையில் குடம் சுமந்து காத்த செடியில் பூத்த ஒரு மலரில், சாற்றியவரின் காலமும் கவலையும் கலந்திருக்கும். வீட்டுக் குழந்தை ஒன்று வந்து தானும் நீர் ஊற்றுவதாகக் கேட்குமாயின், அதன் கையில் செம்பைக் கொடுப்பார்களாக. உத்ஸவத்தைச் சேவித்து மீளும் அடியார்கள் அனைவரும் அனந்தாழ்வான் திருவருளால் புஷ்ப கைங்கர்யப் பேறு பெற்று வாழ்வார்களாக.