தோற்ற பின்னும் வாழ்த்தியவர்

தேர்தல் முடிவு வெளியாகும் நாள் நம் உள்ளத்தைச் சோதிக்கும் நாள். நாம் ஆதரித்தவர் தோற்றால், வென்றவரைப் பழிக்கவே நம் நாவு துடிக்கிறது. அந்த வேளையில் அமெரிக்கத் தலைவர் அல் ஸ்மித்தின் வாழ்வை நினைத்துப் பார்ப்போம்.

அவர் 1873-இல் நியூயார்க் நகரின் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். பங்கு ஆலயத்தில் பீடச்சிறுவனாகப் பணி செய்தார். தந்தை இறந்ததால் 14 வயதில் படிப்பை விட்டார். மீன் சந்தையிலும் உழைத்தார். பின்னாளில் மக்கள் அவரை நான்கு முறை நியூயார்க் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுத்தனர்.

1928-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் பெரிய கட்சியொன்றின் வேட்பாளரானார். அப்பெருமை பெற்ற முதல் கத்தோலிக்கர் அவரே. அவர் வென்றால் திருத்தந்தையே நாட்டை ஆள்வார் என்று பலர் அச்சமூட்டினர். 48 மாநிலங்களில் 8 மட்டுமே அவருக்குக் கிடைத்தன. சொந்த மாநிலமும் கைவிட்டது.

விசுவாசத்திற்காக ஏளனம் செய்யப்பட்டவருக்கு அது ஆழமான காயம். ஆயினும், வென்ற ஹெர்பர்ட் ஹூவருக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். சில நாட்களில் வானொலியில் பேசி, புதிய தலைவருடன் ஒத்துழைக்கும்படி தம் கட்சியினரைக் கேட்டுக்கொண்டார்.

அவரும் குறையற்றவர் அல்லர். 1932-இல் கட்சி தம்மை விட்டு ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தபோது எழுந்த கசப்பு பல ஆண்டுகள் நீடித்தது. மன்னிப்பு ஒரே நாளில் முடியும் வேலை அல்ல என்பதை இதில் உணர்கிறோம்.

1944-இல் அவர் இறந்தார். அவர் நினைவாக நியூயார்க்கில் ஏழைகளுக்கு நிதி திரட்ட நடைபெறும் விருந்தில், எதிரெதிர் வேட்பாளர்கள் பலமுறை பேராயருடன் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள்.

நாமும் வென்றவருக்காகச் செபிப்போம். அவர் தவறினால் துணிவுடன் சுட்டிக்காட்டுவோம். ஞாயிறு திருப்பலியில் சமாதானம் கூறும்போது, மாற்றுக் கட்சிக்கு வாக்களித்த அயலாரை நோக்கியும் மனதாரக் கைகூப்புவோம்.