மார்செல்லோ மால்பீகி

மார்செல்லோ மால்பீகி (மார்ச் 10, 1628 – நவம்பர் 1694) இத்தாலியைச் சேர்ந்த மருத்துவரும் உடற்கூற்றியலாளரும் ஆவார். நுண்ணோக்கி கொண்டு உடலுறுப்புகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். சிறுநீரகத்தின் நுண்ணமைப்பு பற்றிய இவரது ஆய்வு குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கைக் குறிப்பு

பொலோனா நகருக்கு அருகிலுள்ள கிரெவல்கோரே என்னும் ஊரில் பிறந்தார். 1653 இல் பொலோனா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் பீசா, மெசினா, பொலோனா ஆகிய இடங்களில் மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1661 இல் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டறிந்தார். தமனிகளிலிருந்து சிரைகளுக்குக் குருதி செல்லும் வழி இதனால் தெளிவாயிற்று. பூச்சிகளின் கழிவுநீக்க உறுப்புகளான மால்பீஜியன் குழல்கள் இவர் பெயராலேயே வழங்குகின்றன.

சிறுநீரக ஆய்வு

சிறுநீரகத் தமனியில் கருநிறத் திரவத்தைச் செலுத்தி ஆராய்ந்தபோது, அதன் நுண்கிளைகளில் சிறு உருண்டைகள் இருப்பதைக் கண்டார். குருதியிலிருந்து சிறுநீர் பிரிவதில் இவற்றுக்குப் பங்குண்டு எனக் கருதி, 1666 இல் நூலாக வெளியிட்டார். ஆனால் இவ்வுருண்டைகள் சிறுநீரகக் குழல்களுடன் இணைந்திருப்பதை அவரால் நிறுவ இயலவில்லை. 1842 இல் ஆங்கிலேயரான வில்லியம் போமன் அதனை நிறுவினார்.

எதிர்ப்பும் இறுதிக் காலமும்

1684 இல் இவரது வீடு தீப்பற்றியதில் நுண்ணோக்கிகளும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. நுண்ணுறுப்புகளை ஆராய்வது நோய் தீர்க்க உதவாது என்று 1689 இல் சிபராலியா என்னும் மருத்துவர் எதிர்த்து எழுதினார். மால்பீகி எழுதிய மறுமொழி அவரது மறைவுக்குப் பின்னரே அச்சேறியது. 1691 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னசென்ட்டின் மருத்துவராக ரோம் சென்றார். முதுமையில் சிறுநீரகக் கல்லால் துன்புற்ற இவர், பக்கவாதத்தால் அங்கேயே இறந்தார்.

இன்றைய ஆய்வுகளில்

தனி உயிரணுப் பகுப்பாய்வு, ஒவ்வோர் உயிரணுவிலும் எந்தெந்த மரபணுக்கள் செயற்படுகின்றன என்பதைத் தனித்தனியே அறியும் முறையாகும். 2018 இல் வெளியான ஆய்வொன்றில் சுண்டெலியின் சிறுநீரகத்திலிருந்து 57,979 உயிரணுக்கள் இவ்வாறு ஆராயப்பட்டன. சிறுநீரில் புரதம் வெளியேறும் பரம்பரை நோய்களுக்குரிய மரபணுக்கள் பெரும்பாலும் போடோசைட்டு என்னும் ஒரே வகை உயிரணுவில் செயற்படுவது தெரியவந்தது. இவ்வுயிரணுக்கள் அமைந்திருப்பது மால்பீகி கண்ட உருண்டைகளிலேயே ஆகும். நோய் தொடங்கும் இடத்தை அறிந்து மருந்து தேட இத்தகைய ஆய்வுகள் உதவுகின்றன.

பெயரீடு

மால்பீஜியேசியே என்னும் தாவரக் குடும்பம் இவர் பெயரைத் தாங்கியது. கன்னியாகுமரி மாவட்டம் வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வதும், குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறுவதுமான குருக்கத்தி இக்குடும்பத்தைச் சேர்ந்த கொடியாகும்.