மூளைக் கட்டியை ஆராய்ந்த டாக்டர் ராமமூர்த்தி

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தை அறியாதவர் நம்மில் இல்லை. டாக்டர் சௌரி முத்து 1928-ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய் என்றவுடன் இருமலும் நுரையீரலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதே கிருமி சிறு குழந்தைகளின் மூளையிலும் தங்கிக் கட்டியாக வளர்வதுண்டு. அக்கட்டியை இனங்காணும் வழியை ஆராய்ந்து எழுதிய நம் நாட்டு மருத்துவர்களுள் முன்னணியில் நின்றவர் டாக்டர் பி. ராமமூர்த்தி.

அன்னார் 1922 ஜனவரி 30-ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்று, இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் மூளை அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றார். 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28. நாட்டின் முதல் பிரிவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதற்கு முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்தார். இவ்விருவரும் வேறு இரு மருத்துவர்களும் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் நிறுவினர்.

அந்நாளில் ஒரு குழந்தைக்கு மூளையில் கட்டி என்று கண்டறிவதே பெரும்பாடு. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நாளடைவில் நடையில் தள்ளாட்டம், பார்வை மங்கல் ஆகியவை அதன் அறிகுறிகள். வயிற்றுக் கோளாறு என்று கஷாயம் கொடுத்து நாட்களைக் கடத்திய குடும்பங்கள் எத்தனையோ! (இவ்வறிகுறிகள் தொடர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதைப் பெற்றோர் இன்றும் மறக்கலாகாது.) ஸ்கேன் கருவி அப்போது இல்லை. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அறையின் வடிவம் நெளிந்தோ ஒதுங்கியோ இருந்தால் கட்டி இருக்கும் இடத்தை ஊகிக்கலாம். இடம் தெரிந்தாலும் அது எவ்வகைக் கட்டி என்று சொல்வது எளிதன்று.

அமெரிக்காவின் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி ஆகிய இருவரும் குழந்தைகளின் சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கொடிய புற்றுநோய்க் கட்டியைப் பற்றி 1925-இல் எழுதியிருந்தனர். நம் நாட்டுக் குழந்தைகளுக்கோ காசநோய்க் கட்டியும் பெரும்பாலும் அதே சிறுமூளையில், அதே தள்ளாட்டத்துடனும் வாந்தியுடனும் வந்தது. அக்கால இந்திய மருத்துவமனைகளில் கண்ட மூளைக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று காசநோயால் வந்தது. மேனாட்டு நூல்களை மட்டும் படித்தவர் இதில் எளிதில் ஏமாந்துவிடுவார். ஏமாந்தால் விலை ஓர் உயிர். புற்றுநோய்க் கட்டியை அறுத்து அகற்றிக் கதிர்வீச்சு தர வேண்டும். காசநோய்க் கட்டியைத் தக்க மருந்தின்றி அறுத்தால் கிருமிகள் மூளை உறைகளில் பரவிக் குழந்தை மூளைக் காய்ச்சலால் இறந்துபோகும். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே இவ்வாபத்து குறையத் தொடங்கியது.

டாக்டர் ராமமூர்த்தி தாம் கண்ட நோயாளிகளின் அறிகுறிகளையும் அவர்களுடைய எக்ஸ்ரே படங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். உடன் பணியாற்றிய ஒருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1961-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நரம்பியல் அறுவை இதழில் வெளிவந்தது. பொது மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெற்ற ஏழைகளின் நோய் விவரம் உலக மருத்துவர்களுக்குப் பாடமாயிற்று என்பதை எண்ணுகையில் நமக்குப் பெருமையாக இருக்கிறது. பின்னாளில் ஸ்கேன் வந்தது. புதிய மருந்துகளும் வந்தன. மாத்திரை உண்ண உண்ணக் கட்டி சுருங்குவதைப் படத்திலேயே காண முடிந்தது. இப்போது பல குழந்தைகளுக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை.

பத்மபூஷண் உள்ளிட்ட விருதுகள் அவரை நாடி வந்தன. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் அடையாற்றை அடுத்த வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மையத்தை வளர்த்தார். 2003 டிசம்பர் 13-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரை நம் மாணவியர் அவசியம் அறிய வேண்டும். பெண்கள் எட்டிப் பார்க்காத இத்துறையில் 1968-இல் பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவரானவர் டாக்டர் டி. எஸ். கனகா. 2018-இல் மறைந்த அவ்வம்மையார், ஓய்வுக்குப் பின் மருத்துவ மையம் அமைத்து நோயாளிகளைக் கவனித்து வந்தது நம் அண்டை ஊரான குரோம்பேட்டையில்தான்.