கனவும் கணக்கும் அறிந்த கர்வே

பிம்ப்ரியில் வாழும் நாம் புனே நகரின் கர்வே சாலையில் பலமுறை சென்றிருப்போம். அச்சாலைக்குப் பெயர் தந்த பெருமகனாரின் வரலாறு நம் பிள்ளைகள் அறியத்தக்கதாகும்.

தோண்டோ கேசவ கர்வே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் இரத்தினகிரி மாவட்டத்துச் சேரவலி என்னும் சிற்றூரில் பிறந்து, முருட் என்னும் ஊரில் வளர்ந்தார். குடும்பம் வறுமையுற்றது. 1875-இல் ஆறாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதும்பொருட்டு, மலைவழியே நூறு மைலுக்கு மேல் கால்நடையாகச் சென்று சாத்தாராவை அடைந்தார். அவரது சிறிய உருவத்தைக் கண்ட அதிகாரிகள், பதினேழு வயது நிரம்பியவராகத் தோன்றவில்லை என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர். ஊர் திரும்பிய இளைஞர் மனம் நொந்தாரேனும் படிப்பைக் கைவிட்டாரில்லை. மெட்ரிகுலேஷன் தேறியபோது அவருக்கு வயது 23. 1884-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார், 1891-இல் புனே பெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியரானார்.

அக்காலத்தில் இளமையிலேயே கணவனை இழந்த பெண்கள் பலர் தலை மழிக்கப்பட்டு, வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தனர். மனைவியை இழந்திருந்த கர்வே, 1893-இல் கோதுபாய் என்ற கைம்பெண்ணை மணந்தார். முருட் ஊரார் அவரை விலக்கி வைத்தனர். கைம்பெண் மணத்தைப் பரப்பச் சங்கம் கண்டார். ஆயினும் அதற்கு இணங்க முன்வருவோர் மிகச் சிலரே என்பதை உணர்ந்தார். ஊரார் மனம் மாறும்வரை காத்திருப்பதா, அப்பெண்கள் இன்றே தம் காலில் நிற்க வழி காண்பதா? கர்வே இரண்டாவதைத் தேர்ந்தார். 1896-இல் கைம்பெண்களுக்குக் கல்வி புகட்டும் இல்லத்தைத் தொடங்கினார். இலக்கு அதுவே, கைக்கு எட்டும் படியிலிருந்து ஏறத் தொடங்கினார் என்பதே உண்மை.

1900-இல் அவ்வில்லம் நகருக்கு வெளியே ஹிங்கணே என்னுமிடத்தில், நன்கொடையாகக் கிடைத்த நிலத்தில், ஒரு குடிசைக்கு மாறியது. கர்வே அங்கிருந்து பல மைல் நடந்தே கல்லூரிக்குச் சென்று பாடம் நடத்தினார்; விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். சிறு தொகையையும் வணங்கிப் பெற்றார்.

ஜப்பான் நாட்டு மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு நூலொன்று அவர் உள்ளத்தில் பெருங்கனவை விதைத்தது. 1916-இல் மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவினார். முதலில் வந்த மாணவியரோ ஒரு கைவிரல்களில் அடங்குவர். எனினும் அவர் சோர்வுற்றாரில்லை. தாய்மொழியிலேயே பாடங்கள் நடக்கச் செய்தார். 1920-இல் விட்டல்தாஸ் தாக்கர்சே 15 லட்சம் ரூபாய் வழங்கினார். அவருடைய அன்னையின் பெயரை அப்பல்கலைக்கழகம் இன்றும் தாங்கி நிற்கின்றது. 1958-இல், நூறாம் வயதில், கர்வேக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பெற்றது. 1962 நவம்பர் 9-ஆம் நாள் அவர் மறைந்தார்.

மெட்ரிகுலேஷனுடன் நின்றுவிட்ட என்போன்ற தந்தையர், தாம் எட்டாத உயரத்தை மகன் ஒரே தாவலில் எட்டவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால், எல்லாம் முடிந்துவிட்டதென இடிந்து போகிறோம். பிள்ளையின் முகத்தையும் பார்ப்பதில்லை. சாத்தாராவிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய பையனை அத்தருணத்தில் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். பெரிதாக விரும்புவோம், நாளைய பொழுதில் நடக்கக்கூடிய தொலைவையும் பிள்ளையோடு அமர்ந்து கணக்கிடுவோம்.